சாவி இல்லாத கை

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்து இறந்தவரின் மனைவி. எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாதவர். அவருடைய மூத்த மகன், ஓவியக் கல்லூரி வாத்தியார். வீட்டுக்கும் வெளிக்கும் பெரியவர். இளைய மகன், கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். நாற்பத்திரண்டு வயதாகியும் சின்னவன்தான். தொழிற்சங்கத்தின் செயலாளர். பிறகு தறிக்காரம்மா, ஆலைத் தீயில் ஒரே மகளைப் பறிகொடுத்தவர். இவ்வளவுதான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று சொல்லித் திரிகிறவர்கள் யாரும் அங்கே இல்லை. அது பெரியவர் படம் வரையும் இரண்டாவது மாடி. ஜன்னல் கூரையை ஒட்டி இருக்கிறது.

ஆலை எரிந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. நூல் சுற்றும் கூடத்தில் பதினொரு பேர் வெந்து போனார்கள். கூடத்துக்கு ஒரே கதவு. நூல் திருட்டுப் போகிறது என்று சொல்லி, வேலை நேரத்திலும் அதைப் பூட்டிவைக்கும் வழக்கத்தை மேனேஜர் கொண்டுவந்திருந்தார். சூப்பர்வைசரும் உள்ளேதான் இறந்தார், கதவுக்கு ஓரடி தூரத்தில். சாவி அவரிடம்தான் இருந்தது என்று விசாரணையில் மேனேஜர் சொன்னார். மறுத்துப் பேச உள்ளே இருந்த ஒருவரும் உயிரோடு இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இப்போது சங்கம் புதிதாக ஒரு மண்டபம் கட்டியிருந்தது. நுழைந்ததும் எதிர்ப்படும் சுவரைக் காலியாக விட்டு, இறந்தவர்கள் நினைவாக ஒரு பெரிய ஓவியம் வேண்டும் என்று பெரியவரிடம் கேட்டார்கள். அவர் பதினான்கு மாதம் உழைத்தார். அந்தச் சுவரில் ஏறப்போவது தம் அப்பாவின் பெயர் என்பது அவருக்குத் தெரியும். அது தலைநிமிர்ந்து ஏற வேண்டும். அதற்கு மேல் அவருக்கு ஆசை எதுவும் இல்லை.

சாவி அப்பாவிடம் இருந்தது என்ற பேச்சு அவர் காதிலும் விழுந்ததுதான். அதில் அவமானம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. சாவியோடு திறக்கப் போனார், ஓரடியில் உயிர் போய்விட்டது. கடமையிலேயே செத்த மனிதர். அப்படித்தான் அவர் எடுத்துக்கொண்டார். தீப்பிடித்தபோது அவர் வேறு ஊரில், கல்லூரிக் கூடத்தில் சுண்ணாம்பில் வார்த்த சிலைத் தலைகளைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சாவியைப் பற்றி ஊர் எந்த அர்த்தத்தில் பேசுகிறது என்பதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அந்தக் குடும்பம் நடந்துவந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிடுவார்கள். அதை அவர்கள் மரியாதை என்று நினைத்தார்கள். பாதி மரியாதைதான்.

பெரியவர் திரையை விலக்கினார்.

ஆறடி உயரம், பத்தடி அகலம். இடது பக்கம் தொழிலாளர்கள் வரிசையாக நின்றார்கள், பழைய கோயில்களில் கல்லில் செதுக்கிய ஊர்வலம் போல. நடுவில் சூப்பர்வைசர். சட்டைப் பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. முகத்தில் ஒரு தசைகூட இழுபடவில்லை. வலது கை கதவை நோக்கி நீண்டிருந்தது; கையில் சாவி. தீ பின்னால் எங்கேயோ எரிந்தது, விளக்கு எரிகிற மாதிரி. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வந்தது; புகை யாருடைய முகத்தையும் மறைக்கவில்லை. படத்தின் மேல் விரலை ஓட்டினால் தூரிகை போன தடமே தெரியாது. ஒவ்வொரு உருவத்தையும் முதலில் எலும்பும் சதையுமாக வரைந்து, அளந்து, அதன் மேல்தான் உடை போர்த்துவது பெரியவரின் வழக்கம். கண்ணுக்குத் தெரியாத நான்கு கோடுகள் நான்கு மூலையிலிருந்தும் கிளம்பி அந்தச் சாவியில் வந்து முடிந்தன. அந்தச் சாவிக்கு அவர் மாதிரி வைத்துக்கொண்டது தம் வீட்டு அலமாரிச் சாவியை.

செயலாளர் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார், முன்னால் வந்து பார்த்தார். "சார், போட்டோ தோத்துடும் சார்," என்றார்.

தறிக்காரம்மா படத்துக்கு வெகு பக்கத்தில் போய்விட்டார். ஒவ்வொரு பெண் முகமாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். கடைசி முகம்வரை போய்த் திரும்பினார்.

"தம்பி, இதுல எம் பொண்ணு எது?"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "குறிப்பா இன்னாருன்னு இல்லம்மா. உழைக்கிற பெண்கள், பொதுவா. ஒரு உன்னதம் வரணும்னு…"

"எல்லாருக்கும் ஒரே மூக்கா இருக்கே."

சின்னவன் மூலையில் நின்றபடி மெல்லச் சிரித்தான். அந்த மூக்கு யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அலமாரி மேல் இருந்த சுண்ணாம்புத் தலையின் மூக்கு அது. கல்லூரி நுழைவுத் தேர்வில் அவனும் அதைத்தான் வரைந்தான். 'கோடு தெரியாதவன்' என்று விடைத்தாளில் எழுதி அவனைத் திருப்பி அனுப்பியவர் அவனுடைய அண்ணன்தான்.

தறிக்காரம்மா சூப்பர்வைசரின் உருவத்துக்கு வந்தார். முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். வெகுநேரம் கையையே பார்த்தார்.

"ஆக, சாவி அவர்கிட்டதான் இருந்திருக்கு," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "இத்தனை வருஷமா நான் ஒருத்திதான் நம்பல. புள்ளைங்க பெத்த மனுஷன், கையில சாவிய வெச்சுக்கிட்டு கதவத் திறக்காம நிக்க மாட்டாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கடைசியில அவர் பெத்த புள்ளையே வரைஞ்சுட்டீங்க. நிக்கிறாரு பாருங்க, எவ்வளவு நிதானமா."

பெரியவர் தம் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பதினான்கு மாதம் பார்த்த படம். நிதானம் என்று அவர் வரைந்தது இப்போது வேறாகத் தெரிந்தது. பின்னால் தீ எரிகிறது, கையில் சாவி இருக்கிறது, முகத்தில் அவசரம் இல்லை. எல்லாக் கோடும் சாவியைத்தான் காட்டின. அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல இதைவிடப் பொருத்தமாக ஒருவராலும் வரைந்திருக்க முடியாது.

"அது ஒரு அடையாளம்மா," என்றார். "கடமைக்கு ஒரு சின்னமா…"

"எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. எனக்குத் தெரிஞ்சது கதவும் சாவியும்."

சின்னவன் மூலையைவிட்டு வந்தான். சுவரில் சாய்த்து வைத்திருந்த, பழைய போர்வை சுற்றிய பலகையைத் தூக்கினான். அதை அவன் காலையில் கொண்டுவந்தபோதே பெரியவர் "அத வெளியிலேயே வை" என்று சொல்லியிருந்தார். அவன் வைக்கவில்லை.

"டேய், வேண்டாம்," என்றார் அம்மா. உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை; குரல் மட்டும் எழுந்தது. "நான் உன்கிட்ட என்ன வாக்கு வாங்கினேன்?"

"இருபத்தாறு வருஷம் காப்பாத்திட்டேன்மா. இன்னைக்கு அண்ணன் படத்தைப் பார்த்தப்புறம் முடியாது."

போர்வையை உருவினான்.

முதலில் எதுவும் புரியவில்லை. கறுப்பும் சிவப்பும் அழுக்கு மஞ்சளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சில இடங்களில் வண்ணத்தைத் தூரிகையால் வைக்காமல் போர்டு சுரண்டும் தகட்டால் அப்பியிருந்தான். மேடு தட்டி, காய்ந்த சேறு மாதிரி இருந்தது. கீழே கோடு கிடையாது. பென்சில் தொட்டதற்கான தடயமே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்த பிறகு புகைக்குள்ளிருந்து உடம்புகள் வந்தன. எல்லாம் ஒரே குவியலாக ஒரு மனிதரைப் பிடித்துத் தொங்கின. அவர் சட்டை தோளில் கிழிந்திருந்தது. விரல் முட்டிகளில் தோல் இல்லை. கதவில் அவர் அடித்த இடங்களில் ரத்தம். இரண்டு கையாலும் எதையோ தலைக்கு மேலே, சுவரின் உச்சியில் இருந்த சின்னக் காற்றுத் துவாரத்தை நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் வாய் அகலமாகத் திறந்திருந்தது.

செயலாளருக்கு நின்ற இடம் சரியாக இல்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார். "ரெண்டும் ஒரே தீதானே சார்? ஏன் இப்படி ரெண்டு விதமா…"

அந்தக் கேள்வியைப் பெரியவர் பிடித்துக்கொண்டார். வகுப்பில் இருபது வருடம் சொன்ன பாடம். வாய் தானாகவே சொன்னது. "அது ரெண்டு கட்சி. ஒண்ணு புதுச்செவ்வியல். அதுக்குக் கோடுதான் முதலாளி, நிறம் வேலையாள். மனுஷன் எப்படி இருந்தான்னு அது காட்டாது, எப்படி இருக்கணும்னு காட்டும். கிரேக்கச் சிலை மாதிரி அமைதி, ஒழுங்கு, தியாகம். இன்னொண்ணு ரொமான்டிக். அது அந்தக் கட்சிக்கு எதிரா வந்தது. புயல், கப்பல் உடையறது, பயம், பைத்தியம். அளவெல்லாம் கிடையாது. ஒருத்தன் உள்ளுக்குள்ள என்ன பட்டான்ங்கறதுதான் அவங்களுக்குப் பெருசு." மூச்சு வாங்கிக்கொண்டு தம்பியைப் பார்த்தார். "எங்க கட்சியில செத்துப்போறவன்கூட வாயைத் திறக்க மாட்டான். வாய் திறந்தா கண்ணியம் போயிடும். அப்பா வாயை நீ ஏண்டா திறந்து வெச்ச? சந்தையில நிக்கிறவன் மாதிரி?"

"திறந்திருந்துச்சு, அண்ணா."

"நீ எங்க பார்த்த? நீ அன்னைக்கு வெளிய யார்டுல வண்டி தள்ளிக்கிட்டு இருந்த."

"இல்ல. கூடத்துலதான் இருந்தேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

தறிக்காரம்மாவுக்கு இந்தப் பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. அவர் சின்னவன் படத்தில் தேடிக்கொண்டிருந்தார். அதில் மூக்கே சரியாக இல்லை. முகங்கள் பாதி புகை, பாதி நிழல். ஆனாலும் அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது. சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்து இழுக்கும் ஒரு கை. சுட்டுவிரலில் நீலமாக ஏதோ சுற்றியிருந்தது.

"இது எம் பொண்ணு," என்றார். "நூல் அறுந்தா துண்டைக் கீழ போட மாட்டா. விரல்லதான் சுத்திக்குவா. வீட்டுக்கு வந்ததும் நான்தான் அவுத்து விடுவேன்." கையை எடுக்காமலே கேட்டார்: "அவர் யாரைத் தூக்கறாரு தம்பி? காலு மட்டும்தான் தெரியுது."

"என்னை," என்றான் சின்னவன்.

அதன் பிறகு அவன் நிறுத்தாமல் சொன்னான். பதினாறு வயது அவனுக்கு. புகை வந்ததும் அப்பா கதவுக்கு ஓடினார். சாவி அவரிடம் எப்போதுமே இருந்ததில்லை. வேலை முடிகிற மணி அடித்ததும் மேனேஜர் அறையிலிருந்து ஆள் வந்து திறக்க வேண்டும். அப்பா கையால் அடித்தார், தோளால் இடித்தார், கத்தினார். யாரும் வரவில்லை. பிறகு திரும்பி இவனைப் பிடித்து, நூல் பெட்டி மேல் ஏறி, துவாரத்தை நோக்கித் தூக்கினார். மற்றவர்கள் அவரைப் பிடித்து இழுத்தார்கள். அவர் முழங்கையால் தள்ளினார். துவாரம் ஒல்லியான ஒருவர் நுழையும் அளவுதான்.

"அவ உன்னைவிட ஒல்லி," என்றார் தறிக்காரம்மா.

"ஆமாம்மா."

"அவதான் முதல்ல போய் அவரைப் பிடிச்சிருக்கா. படத்துல அப்படித்தான் இருக்கு."

"ஆமா. அவதான் முதல்ல."

"அப்புறம் ஏன்?"

சின்னவன் குனிந்து கீழே கிடந்த போர்வையை எடுத்தான். சொல்ல என்ன இருக்கிறது? அந்த அறையில் இருந்த ஐந்து பேருக்கும் விடை தெரியும்.

பெரியவர்தான் கேட்டார், வேறு யாரோ கேட்பது போன்ற குரலில். "வாயைத் திறந்து என்ன சொன்னாரு?"

"'ஓடு'ன்னாரு. அது ஒண்ணுதான். எதுக்குன்னு சொல்லல." அவன் போர்வையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தான். "நான் ஓடினேன் அண்ணா. கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் ஓடி, ஒரு கல்லு மேல உக்காந்துட்டேன். சாவியை எடுத்துட்டு வரத்தான் சொல்லியிருப்பாரோன்னு அப்புறம்தான் தோணுச்சு. மேனேஜர் ரூமுக்குப் போனேன். ஆளு இல்ல. சாவி ஆணியில தொங்குச்சு. எடுத்துட்டு வந்தேன். அதுக்குள்ள கூரை இறங்கிடுச்சு."

இதை அவன் அன்றே அம்மாவிடம் சொல்லியிருந்தான். கேட்டதும் அம்மா அவனைக் குளிக்கவைத்து, புகை நாற்றம் போகத் தலையைத் தேய்த்து, யார் கேட்டாலும் யார்டில் இருந்ததாகச் சொல் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். சாவி யாரிடம் இருந்தது என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எப்படித் தெரியும் என்று சொன்னால், பத்து வீட்டுக்காரர்களும் இந்தப் பையனைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தங்கள் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். செத்தவர் மேல் பழி விழட்டும், இருப்பவன் நடமாடட்டும் என்று அவர் முடிவு செய்தார். கணவரின் பெயரைக் கொடுத்து மகனை வாங்கினார். அதற்காக அவர் ஒருநாளும் அழுது யாரும் பார்த்ததில்லை.

"அக்கா," என்றார் தறிக்காரம்மா அம்மாவிடம். "என் வீட்டுக்கு நீங்கதான் முதல்ல துக்கம் கேக்க வந்தீங்க."

"வந்தேன்."

"தெரிஞ்சுதான் வந்தீங்க."

"தெரிஞ்சுதான் வந்தேன்," என்றார் அம்மா. தலை குனியவில்லை. "உனக்கு ஒரு புள்ளை இருந்து, அவன் திரும்பி வந்திருந்தா, நீ என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் வந்து உன் கண்ணைப் பார்க்க முடிஞ்சுது."

தறிக்காரம்மா படத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு செயலாளர் பக்கம் திரும்பினார். "இந்தப் படத்தை மாட்டுங்க. அதுல எம் பொண்ணு இல்ல. இதுல இருக்கா." வாசல்வரை போய்விட்டு, திரும்பாமலே சின்னவனிடம் சொன்னார்: "என் தெருப்பக்கம் மட்டும் வராத தம்பி."

செயலாளர் கமிட்டியில் பேசுவதாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

முடிவு பெரியவர் கையில் இருந்தது. சங்கம் கேட்டது அவரிடம்தான். அவருடைய படம் ஏறினால், அப்பா பொத்தான் கழலாமல், வாய் திறக்காமல், சாவியோடு நிற்பார், கொலைகாரராக நிற்பார். தம்பியின் படம் ஏறினால் அந்தப் பழி போகும். அதற்குப் பதிலாக, இன்னொருவர் மகளை முழங்கையால் தள்ளிவிட்டுத் தன் மகனைத் தூக்கியவராக நிற்பார். மூன்றாவதாக ஒரு வழி இருக்குமென்று பெரியவர் நம்பினார்.

மறுநாள் கத்தியை எடுத்துச் சாவியைச் சுரண்டினார். அவருடைய வேலையில் வண்ணம் கண்ணாடி மாதிரிப் படிந்திருக்கும். நூல் நூலாகத்தான் வந்தது. சாவி போனதும் கை மட்டும் மிஞ்சியது. நான்கு மூலையிலிருந்து வந்த கோடுகள் அந்த வெறும் கையில் வந்து முடிந்தன. சாவி இல்லாத அந்தக் கை எதையோ கேட்டு நீட்டியது போல இருந்தது. கையை மடக்கிப் பார்த்தார், தோள் பொய்யானது. தோளை மாற்றினார், முழு உடம்பும் சாய்ந்தது. பதினொரு நாள் போராடினார். ஒழுங்கு என்பது ஒரு கல்லை உருவினால் மொத்தமும் சரியும் சுவர் என்று பிள்ளைகளுக்கு அவரே பாடம் சொன்னதுண்டு, பெருமையாக.

பன்னிரண்டாம் நாள் அவர் தம்பியின் கடைக்குப் போனார். இருபது வருடத்தில் முதல் தடவை. சின்னவன் ஒரு டயர் கடை போர்டில் எழுத்துக்கு ஓரம் கட்டிக்கொண்டிருந்தான். கையில் அளவுகோலும் இல்லை, அளவுநூலும் இல்லை. கோடு நேராகத்தான் போனது. பெரியவர் அதைப் பார்த்தபடி நின்றார்.

"உன் படம்தான் ஏறுது," என்றார்.

"அம்மா?"

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். அப்புறம் உன்னை இந்த ஊர்ல யாரும் உக்காருன்னு சொல்ல மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஒரு முனையை நான் பிடிக்கிறேன்."

பட்டப்பகலில், பெரிய தெரு வழியாக, அண்ணன் முன்னாலும் தம்பி பின்னாலும் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போர்வை போர்த்தவில்லை. கடைகளில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பெரியவர் இடவலம் திரும்பவில்லை. படத்தை மாட்டி இறங்கியதும் தம்பியின் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தம் துண்டால் துடைத்துவிட்டார். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த சமாதானம்.

படத்தில் தூக்கப்படுவது யார் என்பது ஊருக்குத் தெரிந்தது; பெரியவர் சொன்னதே நடந்தது. முதல் மாதம் இரண்டு கடைக்காரர்கள் போர்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் வேலையே இல்லை. டீக்கடையில் சின்னவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மழைக்காலத்துக்கு முன் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். அம்மா அவன் அனுப்பும் கடிதங்களைப் பெரியவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். பதில் எழுதச் சொல்ல மாட்டார். மண்டபத்துக்கு அவர் ஒருமுறைகூடப் போகவில்லை. தறிக்காரம்மா மாதம் ஒருமுறை போகிறார். படத்தின் கீழ்மூலையில், நீல நூல் சுற்றிய விரல் இருக்கும் இடத்தில், வண்ணம் கைபட்டு வழவழப்பாகிவிட்டது.

பெரியவரின் படம் இரண்டாவது மாடியில் சுவரைப் பார்த்து நிற்கிறது.

அதைத் தூக்கி வைக்க வந்த ஆட்கள் சுரண்டிய இடத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: சூப்பர்வைசரிடம் சாவி இருந்தது, படத்திலும் இருந்தது, குடும்பமானம் போகிறதென்று மூத்த மகன் அதை அழித்துவிட்டார் என்று. சுரண்டியது உண்மை. ஆனால் சுரண்டியது ஓர் அலமாரிச் சாவியை. ஆலைச் சாவி அன்று மேனேஜர் அறையில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.